கையுறைக்கு மேலே இரண்டு விரற்கடை

பிப்ரவரி 11

சின்னுவின் அப்பாவுக்கு,

கடிதத்தைப் பார்த்துப் பதற வேண்டாம். சின்னு நன்றாக இருக்கிறாள். முன்பல் இரண்டும் விழுந்துவிட்டன. சிரிப்பு வந்தால் வாயைக் கையால் பொத்திக்கொண்டு சிரிக்கிறாள்.

இரண்டு வருடமாக உங்களோடு நான் பேசவில்லை. ஞாயிற்றுக்கிழமை நீங்கள் கூப்பிடும்போது போனை அவளிடம் கொடுத்துவிட்டு அடுத்த அறைக்குப் போய்த் துணி மடிப்பேன். மடித்த துணியையே திரும்பவும் மடித்த நாளும் உண்டு. இப்போதும் போனில் பேசத் தெம்பில்லை. பேசினால் கத்திவிடுவேன், பக்கத்து வீட்டுக்காரி ஓடி வருவாள். எழுதினால் அடித்துவிட்டு எழுதலாம்.

போன வியாழக்கிழமை சின்னு பள்ளிக்கூடத்திலிருந்து சட்டையில் ஒரு பேட்ஜ் குத்திக்கொண்டு வந்தாள். வகுப்பில் பாதிப் பேர் குத்தியிருக்கிறார்களாம். "சிறகி" படத்திலிருந்து எடுத்த ஒரு கை. அக்கா டூப் போட்ட கடைசிப் படம், அக்காவின் உயிரைக் கொண்டுபோன படம், உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. யாரோ ஒரு காலேஜ் பெண் அதை நிறுத்தி நிறுத்திப் பார்த்திருக்கிறாள். பறக்கும் வீராங்கனைக்குத் தலை முதல் கால் வரை மூடிய உடை. ஒரே ஓர் இடத்தில், ஒரு நொடிகூட இல்லை, கையுறைக்கும் சட்டைக்கும் நடுவே இரண்டு விரற்கடை தோல் தெரிகிறது. அது நாயகியின் சிவப்புத் தோல் இல்லை. நம்மைப் போலக் கறுப்பு. உள்ளே இருப்பவள் நம் நிறம், முகமூடியைக் கழற்றிக் காட்டு என்று ஊரே கேட்கிறது. எங்கள் ஆஸ்பத்திரியில் நர்சுகள்கூட மணிக்கட்டைத் தூக்கிக் காட்டித்தான் வணக்கம் சொல்லிக்கொள்கிறார்கள்.

சின்னு அந்த பேட்ஜைத் தடவிக்கொண்டு, "சித்தி, இது அம்மா கை" என்றாள்.

"எல்லார் கையும் இப்படித்தான்டி இருக்கும்."

"இல்ல. இங்க புடைச்சிருக்கு பாரு."

குழந்தையின் ஏக்கம் என்று விட்டுவிடப் பார்த்தேன். ஆனால் ஒரு நாளைக்கு நாற்பது கைகால் எக்ஸ்ரே எடுக்கிறவள் நான். பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன். சுண்டுவிரல் பக்கம் எலும்பு கொஞ்சம் புடைத்திருக்கிறது. பதினொரு வயதில் அக்கா சுவரிலிருந்து குதித்து உடைத்துக்கொண்டு, கோணலாகச் சேர்ந்த எலும்பு. சின்னு அதைத் தடவிக்கொண்டேதான் தூங்குவாள், மறந்திருக்க மாட்டீர்கள்.

அக்கா போன எட்டாம் நாள் உங்கள் படக் கம்பெனிக்காரர்கள் நீட்டிய காகிதத்தில் எதையும் வெளியே சொல்வதில்லை என்று கையெழுத்துப் போட்டீர்கள். படம் வந்தபோது எண்ட் டைட்டில் முடியும்வரை உட்கார்ந்திருந்தேன். கூட்டிப் பெருக்க வந்த அம்மா துடைப்பத்தோடு எனக்காகக் காத்து நின்றாள். நாய்க்குத் தீனி வைத்தவன் பெயர்வரை வந்தது, அக்கா பெயர் வரவில்லை. அன்றோடு உங்களிடம் எதுவும் கேட்பதில்லை என்று இருந்தேன். இன்று ஒன்றே ஒன்று கேட்கிறேன். அந்தக் கை அக்காவுடையதா? ஆமாம், இல்லை என்று ஒரு வரி போதும்.

சின்னுவின் சித்தி

*

பிப்ரவரி 19

வாலுவுக்கு,

உன் அக்கா வைத்த பெயரிலேயே கூப்பிடுகிறேன், கோபித்துக்கொள்ளாதே. வேறு எப்படி ஆரம்பிப்பது என்று தெரியவில்லை.

உன் கடிதம் மேஜை இழுப்பறையில் நான்கு நாள் இருந்தது. இங்கே எல்லாம் பழையபடிதான். ஜன்னல் இல்லாத அறை, சாம்பல் நிறச் சுவர், இரண்டு மானிட்டர், நான். வெளியே பகல் பதினொரு மணி என்றாலும் உள்ளே இருட்டுத்தான். சினிமாவுக்குக் கலர் பார்க்கிறவன் வெயிலைப் பார்க்கக் கூடாது என்பது இங்கே பழைய கிண்டல்.

நீ கேட்டதற்கு வருகிறேன். அந்தப் படத்தில் மூன்று பேர் டூப் போட்டார்கள். பேட்ஜில் இருப்பது உன் அக்கா இல்லை. அந்த ஷாட்டில் கட்டைவிரலை உள்ளே மடக்கிச் சுவர் விளிம்பைப் பிடிக்கிறாள். உன் அக்கா அப்படிப் பிடிக்க மாட்டாள். புடைப்பு என்று நீ நினைப்பது வெளிச்சம் விழுந்த விதம். இருபது வருடம் இந்த வேலை பார்க்கிறவன் சொல்கிறேன்.

சின்னுவிடம் பக்குவமாகச் சொல். அந்த பேட்ஜை முடிந்தால் கழற்றிவிடு. விழுந்த பல்லை அவள் எங்கே போட்டாள்? பத்திரமாக வைத்திருந்தால் எனக்கு ஒன்று வேண்டும்.

அத்தான்

*

மார்ச் 2

சின்னுவின் அப்பாவுக்கு,

பொய் சொல்லவும் ஒரு சாமர்த்தியம் வேண்டும். உங்களுக்கு அது போதவில்லை.

அக்கா பஸ்ஸில் கம்பியைப் பிடிப்பதே கட்டைவிரலை உள்ளே மடக்கித்தான். "இப்படிப் பிடிச்சா எவன் இடிச்சாலும் விழ மாட்டேன்டி" என்று எனக்குச் சொல்லிக்கொடுத்ததும் அவள்தான். அது தெரிந்த நீங்கள், அதையே எடுத்து இல்லை என்று எழுதுகிறீர்கள். ஒரு வரி கேட்டேன். ஒரு பக்கம் எழுதினீர்கள். அதிலேயே எனக்குப் பதில் கிடைத்துவிட்டது.

அலமாரி மேலே அம்மாவின் பழைய காகிதப் பையில் அந்த எக்ஸ்ரே இன்னும் இருக்கிறது. ஓரம் மட்டும் மஞ்சளாகியிருக்கிறது. வேலைக்கு எடுத்துப்போய் வெளிச்சப் பெட்டியில் செருகி, பேட்ஜ் படத்தை அதே அளவுக்குப் பெரிதாக்கிப் பக்கத்தில் வைத்தேன். பெரிய டாக்டர் அந்தப் பக்கம் வந்தவர், "ஒரே ஆளா? நல்லா கோணலா சேர்ந்திருக்கு" என்று கேட்டுக்கொண்டே போய்விட்டார். நான் சொல்லாமலே.

இதோடு நிறுத்தியிருப்பேன். முந்தாநாள் டிவியில் உங்கள் கம்பெனி விழாவைக் காட்டினார்கள். ரசிகர்கள் கேட்டார்கள், நாங்கள் செவிசாய்த்தோம் என்று ஒருவர் பேசினார். அடுத்த படத்தில் சிறகி நம் நிறம்தான் என்றார். கூட்டம் எழுந்து நின்று மணிக்கட்டைத் தூக்கியது. என் கையும் பாதி உயர்ந்தது, மறைக்கவில்லை. சின்ன வயதில் நானும் அக்காவும் துண்டைக் கழுத்தில் கட்டிக்கொண்டு பறந்தபோது, யாராவது பெரியவர்கள் பார்த்து, "கறுப்பா இருக்கிறவங்க வில்லனாதான் வரணும்" என்று சிரிப்பார்கள். இப்போது ஆயிரம் பேர் வேறு மாதிரிக் கேட்கிறார்கள். அக்கா இருந்திருந்தால் எழுந்து ஆடியிருப்பாள்.

அப்புறம் ஒரு புதுப் பெண்ணை மேடைக்குக் கூப்பிட்டார்கள். நல்ல கறுப்பு, அழகான பெண். கையைத் தூக்கிக் காட்டி, "முதல் படத்திலேயே உள்ளே இருந்தது நான்தான்" என்றாள். எழுதிக் கொடுத்ததைச் சொல்லியிருப்பாள், அவளைத் திட்டி என்ன ஆகப்போகிறது.

சின்னு டிவியையே பார்த்துக்கொண்டிருந்தாள். என்னிடம் திரும்பி, "அப்ப அம்மா கை யார்கிட்ட இருக்கு?" என்று கேட்டாள்.

இந்த ஞாயிற்றுக்கிழமை போனில் ஏன் பேசமாட்டேன் என்றாள் என்று உங்களுக்கு இப்போது புரியும். எனக்குச் சொல்ல வேண்டாம். அவளுக்குப் பதில் சொல்லுங்கள்.

சின்னுவின் சித்தி

*

மார்ச் 9

வாலு,

ஆமாம். அவள் கைதான்.

இந்த ஒரு வரியைப் போன மாதமே எழுதியிருக்க வேண்டும். எழுதினால் மீதியையும் எழுத வேண்டிவரும் என்று பயந்தேன். எழுதிவிடுகிறேன். படித்துவிட்டு என்னை என்ன வேண்டுமானாலும் சொல்.

அந்த உடை நாயகியின் அளவுக்கு அச்செடுத்துச் செய்தது. டூப்புக்குத் தனியாகச் செய்ய நேரமில்லை என்று அதையே உன் அக்காவுக்கும் கொடுத்தார்கள். உன் அக்காவுக்குக் கை நீளம், உனக்குத் தெரியும். அதனால் அவள் தாவும்போதெல்லாம் கையுறைக்கு மேலே இரண்டு விரற்கடை தோல் தெரிந்தது. அதை நாயகியின் நிறத்துக்குக் கொண்டுவருவது என் வேலை. ஒவ்வொரு ஷாட்டிலும் அந்தத் தோலைச் சுற்றி ஒரு கோடு போட வேண்டும். கை நகர்ந்தால் கோடும் கூடவே நகர வேண்டும். கோட்டுக்குள் இருப்பதை மட்டும் வெளுக்க வேண்டும். இருநூற்றுப் பதினான்கு ஷாட். எங்கள் தொழிலில் இதை யாரும் தப்பாக நினைப்பதில்லை. மழையை வெயிலாக்குகிறோம், காய்ந்த புல்லைப் பச்சையாக்குகிறோம். அது மாதிரி இதுவும் ஒன்று என்றுதான் நானும் நினைத்தேன்.

அவள் போய்ப் பதினேழாம் நாள் வேலைக்குத் திரும்பினேன். மேலாளர் தோளைத் தொட்டு, "இத வேற ஆளுக்குக் குடுத்துடட்டுமா?" என்று கேட்டார். நான்தான் வேண்டாம் என்றேன். வேறு எவனோ உட்கார்ந்து அவள் கையை வெளுப்பது எனக்குப் பிடிக்கவில்லை. அதற்கு நானே வெளுத்தேன். காலையில் போய் உட்கார்ந்தால் அவள் ஓடுவாள், தாவுவாள், தொங்குவாள். முகம் கிடையாது. அந்த இரண்டு விரற்கடைதான் எனக்கு மிச்சம். அதை நானே ஒவ்வொரு ஷாட்டாக அழித்துக்கொண்டு வந்தேன்.

சுவர் ஏன் சாம்பல் நிறம் என்று நீ ஒருமுறை கேட்டாய். கண் ஓய்வெடுக்கத்தான். ஆனால் வெளிறிய ஒன்றையே மணிக்கணக்கில் பார்த்துவிட்டுச் சுவரைப் பார்த்தால், அதே இடத்தில் அதே வடிவம் கறுப்பாகத் தெரியும். கண்ணின் இயல்பு அது, எல்லோருக்கும் வரும். நான் திரையில் அவள் கையை வெளுப்பேன். தலையைத் திருப்பினால் சுவரில் கறுப்பாக ஒரு கை இருக்கும். சில நொடியில் போய்விடும். முதலில் பயந்தேன். பிறகு அதைப் பார்ப்பதற்காகவே தலையைத் திருப்ப ஆரம்பித்தேன். இப்போது வீட்டுச் சுவரிலும் வருகிறது. பஸ்ஸில் முன் சீட்டின் முதுகில் வருகிறது. கண் டாக்டர் ஒன்றுமில்லை என்கிறார்.

நூற்று எழுபத்தொன்றாவது ஷாட் அவளுடைய கடைசி நாள் காலையில் எடுத்தது. சுவர் விளிம்பைப் பிடித்து ஏறுகிறாள், அவ்வளவுதான். எங்கள் மேஜையில் ஒரு பொத்தான் உண்டு. அதை அமுக்கினால் அந்த ஷாட்டில் நாங்கள் போட்ட கலரெல்லாம் விலகி எடுத்தபடியே படம் தெரியும். வேலையெல்லாம் முடிந்த நாள் அதை அமுக்கினேன். ஒரே ஒரு தடவை அவளை அவளாகப் பார்த்துவிட்டுத் திரும்பப் போட்டுவிடலாம் என்றுதான். பத்தொன்பது படச்சட்டம், ஒரு நொடிகூட ஓடாத ஷாட். திரும்பத் திரும்ப ஓட்டிக்கொண்டிருந்தேன். அப்போது உன் போன் வந்தது. சின்னுவுக்கு நூற்று மூன்று காய்ச்சல், உடனே வாங்க என்றாய். எழுந்து ஓடி வந்துவிட்டேன். மறுநாள் காலை பிரதி போய்விட்டது. பொத்தான் அமுக்கினபடியே இருந்தது.

அவ்வளவுதான் நடந்தது. நாடே கொண்டாடுகிற அந்தக் கை ஒரு புரட்சிக்காரன் செய்த வேலை இல்லை. போட்டதைத் திரும்பப் போட மறந்தவன் நான்.

இப்போது முதல் படத்தை மே மாதம் மறுபடி வெளியிடுகிறார்கள். எல்லா ஷாட்டிலும் கை கறுப்பாகத் தெரிய வேண்டுமாம். சந்தோஷப்படாதே. அவளுடைய கறுப்பு இல்லை, அந்தப் புதுப் பெண்ணுடைய கறுப்பு. எலும்புப் புடைப்பையும் மழித்துவிடச் சொல்லியிருக்கிறார்கள். அன்றைக்கு வெளுக்கச் சொன்னவர்களே இன்றைக்குக் கறுக்கச் சொல்கிறார்கள். இரண்டு தடவையும் அழிகிறவள் அவள்தான். வேலை என் மேஜையில் இருக்கிறது. அறுபது ஷாட் முடித்துவிட்டேன். ஆமாம், முடித்துவிட்டேன்.

இன்னும் ஒன்று. இதை எழுதாமல் உறையை ஒட்டி, திரும்பப் பிரித்தேன்.

அவள் போவதற்கு ஒரு வாரம் முன்னால், பாத்திரம் கழுவிக்கொண்டே சொன்னாள். "ஏங்க, அந்த கிளவுஸ் எனக்குப் பத்தல. விரல் நுனி வரைக்கும் உள்ள போக மாட்டேங்குது. இழுத்துப் போட்டா மணிக்கட்டு தெரியுது, மணிக்கட்டை மூடினா பிடி நிக்கல. உடைக்காரங்ககிட்ட நீங்க ஒரு வார்த்தை சொன்னா கேப்பாங்க."

நான் பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன். "ரெண்டு விரற்கடைதானே? தெரிஞ்சா தெரியட்டும். நான் கலர்ல சரிபண்ணிடறேன்" என்றேன்.

அவள் பிடியைப் பற்றிச் சொன்னாள், வாலு. என் காதில் தோல் மட்டும்தான் விழுந்தது.

அந்தக் கடைசி நாள் மதியம் அவள் இரும்புக் கம்பியில் தொங்கினாள். அந்த உயரத்துக்குப் பாதுகாப்புக் கயிறு வேண்டாம் என்றிருக்கிறார்கள். நான் போய்ச் சேர்ந்தபோது அவளை எடுத்துப்போயிருந்தார்கள். கையுறை மட்டும் மேலே கம்பியிலேயே ஒட்டிக்கொண்டிருந்தது.

அத்தான்

*

மார்ச் 30

மூன்று வாரம் உங்கள் கடிதத்தை அந்த எக்ஸ்ரே பையிலேயே வைத்திருந்தேன். இரண்டு தடவை கிழிக்க எடுத்தேன். உங்களை எப்படிக் கூப்பிட்டு ஆரம்பிப்பது என்று தெரியாததால் மேலே ஒன்றும் எழுதவில்லை.

மன்னித்துவிட்டேன் என்று எழுத வரவில்லை. வராததை எழுத மாட்டேன். பாத்திரம் கழுவும்போது அந்த வார்த்தை காதில் கேட்கிறது. "கலர்ல சரிபண்ணிடறேன்." குழாயை மூடினாலும் கேட்கிறது. நீங்கள் இரண்டரை வருடமாக இதோடுதான் இருந்தீர்கள் என்று நினைக்கும்போது கோபம் எங்கே வைப்பது என்று தெரியவில்லை.

எனக்கும் அந்த வாரம் அவள் போன் செய்தாள். கையுறை பற்றிச் சொன்னாள். "அத்தான் அங்கதானே இருக்காரு, அவர்கிட்ட சொல்லு, பாத்துப்பாரு" என்றேன். சொல்லிவிட்டு எங்கள் ஆஸ்பத்திரி மேட்ரனைப் பற்றி அரை மணி நேரம் குறைபட்டுக்கொண்டேன். அக்கா கேட்டுக்கொண்டிருந்தாள். இதை யாரிடமும் சொன்னதில்லை. உங்களோடு பேசாமல் இருந்ததில் இதுவும் கொஞ்சம் இருந்ததோ என்னவோ. உங்கள் மேல் கோபமாக இருக்கும்வரை என்னைப் பற்றி யோசிக்க வேண்டியிருக்கவில்லை.

சின்னுவிடம் சொல்லிவிட்டேன். அம்மா கைதான் என்றேன். பெரிதாக அழுவாள் என்று தண்ணீரெல்லாம் எடுத்து வைத்திருந்தேன். அவள், "எனக்குத்தான் தெரியுமே" என்றாள். அப்புறம் கேட்டாள்.

"அப்பாவுக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"அப்புறம் ஏன் சொல்லல?"

"ஞாயித்துக்கிழமை நீயே கேளு" என்று உங்கள் பக்கம் தள்ளிவிட்டேன். தப்பாக நினைக்காதீர்கள், இந்த ஒன்றை என்னால் சுமக்க முடியவில்லை.

மீதி நூற்று ஐம்பத்துநான்கு ஷாட்டை என்ன செய்யப்போகிறீர்கள் என்று நான் கேட்கவில்லை. அக்கா உங்கள் நாற்காலிக்குப் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தால் என்ன சொல்வாள் என்று மட்டும் யோசித்துப் பாருங்கள். என்னைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும்.

வாலு

*

ஏப்ரல் 18

வாலு,

கடைசியில் உன் பெயரைப் பார்த்துவிட்டுக் கடிதத்தை இரண்டு தரம் மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை சின்னு கேட்டாள். "பயமா இருந்துச்சும்மா" என்றேன். "யாரப் பாத்து?" என்றாள். கம்பெனிக்காரர்களை என்று சொல்ல வாயெடுத்தேன். "உன்னைப் பாத்துதான்" என்று வந்துவிட்டது. பிறகு, "ஒரு பல்லு உங்களுக்கு எடுத்து வச்சிருக்கேன்" என்றாள்.

போன வாரம் அந்தப் புது நடிகை கலர் பார்க்க வந்தாள். நிறம் ஒத்துப்போகிறதா என்று பார்க்க அவள் கையைத் திரைக்குப் பக்கத்தில் நீட்டச் சொன்னார் மேலாளர். நீட்டினாள். அவர் வெளியே போனதும், "சார், இது யாரோட கை?" என்று மெல்லக் கேட்டாள். "நான்தான்னு சொல்லச் சொன்னாங்க. சொல்லிட்டேன். அதுலேருந்து தியேட்டர் வாசல்ல சின்னப் பிள்ளைங்க என் கையைத் தொட்டுப் பாக்க வருதுங்க. எனக்குத் தூக்கமே வரல சார்" என்றாள். நல்ல பெண். நம் சின்னு வளர்ந்தால் இப்படி இருப்பாளோ என்று தோன்றியது. "என் மனைவி கை" என்றேன். உன்னைத் தவிர ஒரு வெளியாளிடம் நான் அதைச் சொன்னது அதுதான் முதல் தடவை. அவள் தன் கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

நேற்று எல்லாம் முடிந்தது. மேலாளர் சரிபார்த்தது நூற்று எழுபத்தொன்றை மட்டும்தான். பேட்ஜில் இருப்பது அதுதானே. புடைப்பு போய்விட்டதா என்று மூக்கை ஒட்டிவைத்துப் பார்த்தார். பிரமாதம் என்று கைகொடுத்துவிட்டுச் சாப்பிடப் போனார்.

நான் முதல் ஷாட்டிலிருந்து ஆரம்பித்தேன். கோட்டை எடுத்தேன், கலரை எடுத்தேன், அடுத்தது. அன்றைக்கு வெளுத்ததும் போயிற்று, இன்றைக்குக் கறுத்ததும் போயிற்று. ஒவ்வொன்றிலும் அவள் வந்துகொண்டே இருந்தாள். மற்ற இருநூற்றுப் பதின்மூன்றும் முடிந்ததும் நூற்று எழுபத்தொன்றுக்குத் திரும்பி வந்து அதே பொத்தானை அமுக்கினேன். இந்தத் தடவை யாரும் போன் செய்யவில்லை. பிரதியை அனுப்பிவிட்டு எழுந்தேன்.

மே இரண்டாம் தேதி சனிக்கிழமை காலைக் காட்சி. அதற்குள் யாரும் பார்க்காவிட்டால் தியேட்டரில் ஓடும். ஓடினால் அன்றைக்கே என்னை வெளியே அனுப்பிவிடுவார்கள். கையெழுத்துப் போட்ட காகிதத்தையும் எடுப்பார்கள். இந்தத் தொழிலில் இனி எனக்கு யாரும் நாற்காலி போட மாட்டார்கள். பயமாகத்தான் இருக்கிறது. எண்ட் டைட்டில் வேறு பிரிவு, அதில் என்னால் கைவைக்க முடியவில்லை. அவள் பெயர் இந்தத் தடவையும் வராது.

சின்னுவைக் கூட்டிக்கொண்டு போ. முடிந்தால் அந்த எக்ஸ்ரேயையும் பத்திரமாக வை. எனக்கு அனுப்பாதே. என்னைவிட நீதான் அதைப் படிக்கத் தெரிந்தவள்.

எழுந்து வரும்போது சுவரைப் பார்த்தேன். கை இல்லை. வெறும் சாம்பல் சுவர். நிம்மதியாக இருக்கும் என்று நினைத்தேன், வாலு. கொஞ்ச நேரம் நின்று தேடினேன்.

அத்தான்

*

மே 4

அத்தான்,

உங்களை வெளியே அனுப்பிவிட்டார்கள் என்று நேற்று டிவியிலேயே தெரிந்துகொண்டேன். தொழில்நுட்பக் கோளாறு என்று சொன்னார்கள். பதினெட்டு வருடம் அக்காவுக்குப் புருஷனாக இருந்தவருக்கு நல்ல பட்டம். இந்த ஞாயிற்றுக்கிழமை போன் செய்ய வேண்டாம். துணிமணியை எடுத்துக்கொண்டு நேரில் வாருங்கள். மாடி அறையை ஒழித்து வைத்திருக்கிறேன். சுவர் வெள்ளைதான். உங்களுக்கு ஆகாதென்றால் நீங்களே வேறு நிறம் அடித்துக்கொள்ளுங்கள்.

நடந்ததைச் சொல்கிறேன்.

தியேட்டர் நிரம்பி வழிந்தது. பின்வரிசையில்தான் இடம் கிடைத்தது. சின்னு என் மடியிலேயே உட்கார்ந்தாள். முதல் தாவலிலேயே கை தெரிந்தது. கூட்டம் ஓ என்று கத்தியது. இரண்டாவது தடவையும் கத்தினார்கள். பத்துப் பதினைந்து தடவைக்குப் பிறகு சத்தம் குறைந்தது. அப்புறம் யாரும் கத்தவில்லை. எனக்கு முன்னால் இருந்த பெண் தன் பேட்ஜைக் கழற்றி இருட்டில் தூக்கிப் பிடித்துத் திரையோடு ஒத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். சின்னு நாற்பதுவரை எண்ணினாள். அதற்கு மேல் எண்ணிக்கை தவறி, ஒவ்வொரு தடவையும் என் மணிக்கட்டை அமுக்க ஆரம்பித்தாள்.

அழக்கூடாது என்றுதான் போனேன். அக்கா அவ்வளவு உயிரோடு இருப்பாள் என்று நான் நினைக்கவில்லை. கையுறையை அவள் மறு கையால் வெடுக்வெடுக்கென்று இழுத்துச் சரிசெய்யும் ஓர் இடம் இருக்கிறது. எல்லோரும் சிரித்தார்கள். நானும் நீங்களும் மட்டும் சிரிக்க முடியாத இடம் அது.

எண்ட் டைட்டில் ஓடியது. உட்கார்ந்திருந்தோம். நாய்க்குத் தீனி வைத்தவர் வந்தார். அக்கா வரவில்லை. "பேரு போடலையே சித்தி" என்றாள் சின்னு. கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு வெளியே வந்தேன்.

வாசலில் வரிசையாகப் போஸ்டர் பெட்டிகள், உள்ளே குழல்விளக்கு. எல்லாவற்றிலும் அந்தப் புதுப் பெண் கையைத் தூக்கிக்கொண்டு நின்றாள். கடைசிப் பெட்டியில் மட்டும் போஸ்டரைக் கழற்றியிருந்தார்கள். வெறும் வெள்ளை வெளிச்சம். வெளிச்சப் பெட்டி காலியாக இருந்தால் என் கை சும்மா இருக்காது, பழக்கதோஷம். எக்ஸ்ரேயைப் பையில் போட்டுக்கொண்டு போயிருந்தேன். எதற்கு என்று கேட்டால் அப்போது சொல்லத் தெரிந்திருக்காது. எடுத்துக் கண்ணாடியில் வைத்து இரண்டு உள்ளங்கையாலும் அமுக்கிப் பிடித்தேன்.

வெளியே வந்தவர்களில் ஒருவர் நின்றார். பிறகு நான்கு பேர். பிறகு வழியே அடைபட்டுவிட்டது.

"என்னங்க இது?" என்று பேட்ஜ்காரப் பெண் கேட்டாள்.

"கை."

"யாரோடது?"

வாயைத் திறந்தேன், சத்தம் வரவில்லை. ஒரு நாளைக்கு நாற்பது பேரைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறவள் நான்.

"எங்க அம்மாவோடது" என்றாள் சின்னு.

அந்தப் பெண் பேட்ஜை எக்ஸ்ரேக்குப் பக்கத்தில் கொண்டுவந்தாள். எலும்பு புடைத்த இடத்தை ஒரு விரலால் தொட்டாள். பேட்ஜில் அதே இடத்தைத் தொட்டாள். பக்கத்தில் இருந்தவரிடம் காட்டினாள், அவர் அடுத்தவரிடம் காட்டினார். தியேட்டர் ஆள் ஒருவர் எங்களை நகரச் சொல்ல வந்தவர், அவரும் குனிந்து பார்த்தார்.

எக்ஸ்ரேயின் மூலையில் வெள்ளை எழுத்தில் பெயரும் வயதும் போட்டிருக்கும், உங்களுக்குத் தெரியும். சின்னு அதைக் கண்டுபிடித்துவிட்டாள். குதிகாலை உயர்த்தி நின்று, கண்ணாடியில் விரலை வைத்து, ஒவ்வோர் எழுத்தாகக் கூட்டி அவள் அம்மா பெயரைச் சத்தமாகப் படித்தாள். முன்பல் இல்லையே, நடுவில் ஓர் எழுத்தில் காற்று மட்டும்தான் வந்தது. நின்றிருந்தவர்கள் எல்லோரும் சேர்ந்து அந்த எழுத்தைச் சொன்னார்கள்.

வாலு